சிநேகிதர் என்று எழுத இடமில்லாத படிவம்

கேள்வி: திருச்சியில் என்னுடன் படித்த நண்பனின் குடும்பம் ஈழத்திலிருந்து வந்தது. அவன் பிறந்தது இங்கேதான். ஆனால் ‘உன் ஊர் எது’ என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான். அரசியல் காரணமாக நாட்டை விட்டு வந்தவர்களுக்கு ஊர், வீடு என்பதெல்லாம் என்ன? என்னைப் போன்ற உள்ளூர் நண்பர்களால் அந்த இடத்தை நிரப்ப முடியுமா?

பதில்:

நிரப்ப முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அவர்கள் விட்டுவந்த கிணற்றடிக்கு ஈடாக மாட்டோம். நண்பனால் முடிகிற காரியம் வேறு ஒன்று. கேட்டால் ஏதோ தாலுகா ஆபீஸ் வேலை மாதிரித் தோன்றும். அதைச் சொல்ல என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம், புதாற்றங்கரை. கல்லணைக் கால்வாய் என்று பொதுப்பணித்துறை எழுதுவதைத்தான் நாங்கள் புதாறு என்போம். மேட்டூர் அணை கட்டி முடிந்த அதே 1934இல் திறந்தது. தொண்ணூறு வருஷம் ஆகியும் அது இன்னும் ‘புது’ ஆறுதான். காவிரியும் வெண்ணாறும் ஓடுகிற மண்ணில் அதற்கு வேறு பெயர் எப்படிக் கிடைக்கும்? வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ‘புதுசு’ என்ற பட்டம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்து இளைஞர்கள் படகேறி வந்து கோடியக்கரை, வேதாரண்யம் என்று இறங்கினார்கள். ஒரத்தநாட்டைச் சுற்றியிருந்த தோப்புகளில் போராளி இயக்கங்களின் பயிற்சி முகாம்கள் நடந்தன. எங்கள் ஊர்க் கடைகளில் அரிசியும் சீயக்காயும் அவர்களால் சீக்கிரம் தீர்ந்துபோன காலம் அது. நான் சொல்லப்போகும் மனிதர் 1984இல் அப்படி வந்தவர், அப்போது அவருக்கு 22 வயது. அடுத்த வருஷக் கடைசியில் இயக்கத்தை விட்டு விலகிவிட்டார். ஏன் என்று நாற்பது வருஷத்தில் அவர் முழுசாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பெயரும் சொல்லப்போவதில்லை. அவரே மூன்று பெயரில் வாழ்ந்தவர், எதைச் சொல்ல?

அரசியல் அகதி என்றால் ஓர் அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தவர் என்று நினைக்கிறோம். அவருக்கு அங்கே ராணுவத்துக்குப் பயம், இங்கே கூட இருந்தவர்களுக்கே பயம், இரண்டுக்கும் நடுவில் போலீஸ். திரும்பிப் போகவும் வழியில்லை, இருக்கவும் இடமில்லை. கிளை நூலகத்தில் ஒரே தினமணிக்கு இரண்டு பேரும் காத்திருந்ததில் பழக்கமானோம். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கினார். மாட்டுக்கொட்டகையை ஒட்டி நெல் மூட்டை அடுக்குகிற ஓர் அறை இருந்தது. அம்மாதான், “படுத்துட்டுக் காலைல போங்க தம்பி” என்றாள். போனது ஆறு வருஷம் கழித்து.

பேச்சிலேயே முதல் சிக்கல். அவர் என்னை ‘நீர்’ என்பார். யாழ்ப்பாணத்தில் அது நடுத்தர மரியாதை, சிநேகிதனைச் சொல்வது. எங்கள் பக்கத்தில் சண்டை போடுகிறவன்தான் ‘என்னய்யா நீர்’ என்பான். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அந்தத் தம்பிக்கு உம் மேல என்னடா கோவம்?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். அப்புறம் மிளகாய்த்தூள். கறிவேப்பிலை, சோம்பு, மல்லி எல்லாம் போட்டு அவர் வறுக்கிற அன்று தெருவே இருமும். எதிர்வீட்டுத் தாத்தா திண்ணையிலிருந்தே, “சிலோன்காரரே, இன்னிக்குக் கறியா?” என்று கத்துவார். ஒரு வருஷத்தில் அம்மா அவர்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி வைக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் கடைசிவரை அதில் கொஞ்சம் பெருங்காயம் போடுவாள், அவரும் கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டாமல் சாப்பிட்டார்.

முதல் தண்ணீர் வந்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜூன் 12 என்று கணக்கு, சில வருஷம் தள்ளிப்போகும். மேட்டூரில் திறந்து மூன்று நான்கு நாளில் கல்லணை, அங்கிருந்து எங்கள் புதாறு. காய்ந்து வெடித்துக் கிடந்த ஆற்றில் நுரையும் சருகும் செத்தையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் தண்ணீர் வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். பெண்கள் சூடம் காட்டிப் பூப் போடுவார்கள். அவர் ஊரில் ஆறு என்று சொல்லிக்கொள்ள மழைக்கால வழுக்கியாறு மட்டும்தான். மற்றதெல்லாம் கிணறு, துலா போட்டு இறைத்த தண்ணீர். இரண்டு மதகு தூரம் கரையிலேயே அந்தத் தண்ணீரோடு கூட நடந்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். “இவ்வளவையும் கடலுக்கோ விடுறியள்?” என்றார். நிஜமாகவே கோபம். மறுநாள் எங்கள் கொல்லையில் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினார். அதுவரை அந்தத் தண்ணீர் தெருவில் போய்த் தேங்கும். ஒரு மாதத்தில் அங்கே சின்ன வெங்காயமும் மிளகாயும் நின்றன. காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த என் அப்பாவுக்கு ஒரு குடம் தண்ணீரின் விலையைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாத்திதான்.

வீடு என்பதை நான் அங்கேதான் முதலில் யோசித்தேன். அவர் எங்கள் வீட்டை யாழ்ப்பாணமாக மாற்றவில்லை. அப்படி நினைத்தவரும் இல்லை. தன் கைப்பழக்கம் ஒன்றை எங்கள் கொல்லையில் ஊன்றினார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிற அரை மணி நேரம் மட்டும் அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அது அவர் ஊரில் இருக்கிற நேரம் என்று வீட்டில் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

இப்போது தாலுகா ஆபீஸ் சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

1991 மே 21க்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் முகாமுக்கு வெளியே இருந்த இலங்கைத் தமிழர்கள் எல்லோரும் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாடகைக்கு விட்டவர்கள் காலி செய்யச் சொன்னார்கள். ‘சிலோன்காரரே’ என்று கூப்பிட்ட எதிர்வீட்டுத் தாத்தா திண்ணையில் உட்காருவதையே நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, ஊரே அப்படி இருந்தது. நம்மவர் ராத்திரியே கிளம்பிவிடலாம் என்று துணியை மடித்துவைத்திருந்தார். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “வாங்க தம்பி, ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வந்துரலாம்” என்றார். நானும் போனேன்.

நிலையத்தில் படிவத்தை நிரப்பியவர் கேட்டார்: “உங்களுக்கு என்ன உறவு?”

“பையனோட சிநேகிதர்.”

“அப்படிப் போட இடமில்ல. உறவுமுறைன்னு இருக்கு. அண்ணன், தம்பி, மாமன், மச்சான், ஏதாச்சும் சொல்லுங்க.”

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்லவும் தெரியாது, விடவும் மனசில்லை. கடைசியில் அந்தக் கட்டத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதச் சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. இறங்கும்போது அவர் மட்டும், “ஐயா, என்னைத் தெரியும் எண்டு எழுதிக் குடுத்த முதல் ஆள் நீங்கள்தான்” என்றார்.

ஒரு மனிதருக்கு ஊர் என்பது நினைவு, மொழி, சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நாடு இழந்தவருக்கு அது இன்னொரு விதமாகவும் இருக்கிறது: தன்னைத் தெரியும் என்று எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிற இடம். உங்களுக்கும் எனக்கும் அந்தக் கையெழுத்தை ரேஷன் கார்டும் பட்டாவும் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டிருக்கின்றன, அதனால் தெரிவதில்லை. அரசாங்கத்தின் படிவம் ரத்தத்தையும் மண்ணையும்தான் கேட்கும். சிநேகிதத்துக்கு அதில் கட்டம் கிடையாது. அகதி வாழ்வதோ பெரும்பாலும் அந்தக் கட்டமில்லாத உறவின் பலத்தில்.

இது புதிய விஷயமும் இல்லை. ஆங்கில அரசிடம் சிக்காமல் 1908இல் பாரதி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரிக்குப் போனது உங்களுக்குத் தெரியும். திருச்சி வரகனேரிக்காரரான வ.வே.சு. ஐயர் 1910இல் வேஷம் மாற்றிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார், அரவிந்தரும் அதே ஆண்டு. இவர்களைப் பிடிக்க முடியாத ஆங்கில அரசின் நெருக்கடியில், 1911 வாக்கில் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் உள்ளூரில் மதிப்புள்ள ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். ஒற்றர்கள் வாசலில் நிற்கிற ஆட்களுக்கு எந்தப் பெரிய மனிதர் கையெழுத்துப் போடுவார்? கலவை சங்கர செட்டியார் போட்டார். மற்ற நான்கு பேரிடமும் போய் வாங்கியும் தந்தார். அரவிந்தர் வந்த புதிதில் தங்கியதும் அவர் வீட்டு மாடியில்தான். பாரதியின் புதுச்சேரிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கடற்கரையையும் குயில்தோப்பையும் சொல்கிறோம். அந்த ஐந்து கையெழுத்து இல்லாவிட்டால் அவருக்குக் கடற்கரையும் இல்லை, தோப்பும் இல்லை. செட்டியாருக்கு ஒரு சிலையாவது வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

1918 நவம்பரில் பாரதி எல்லை தாண்டியதும் கடலூரிலேயே கைதானார். பத்து வருஷமாக ஏங்கிய சொந்த மண் முதலில் கொடுத்தது ஜெயில். ஊர் திரும்புதல் என்பதை நாம் கொஞ்சம் அதிகமாகவே தேன் தடவிப் பேசுகிறோம்.

தஞ்சாவூர் மேல ராஜ வீதியில் பங்காரு காமாட்சி கோயில் இருக்கிறது, போயிருப்பீர்கள். அந்தத் தங்கக் காமாட்சி காஞ்சிபுரத்துக்காரி. படையெடுப்புகளுக்குப் பயந்து பூசை செய்கிற குடும்பம் அவளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தது. திருவாரூரில் வருஷக்கணக்காகத் தங்கியபோது அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி. கடைசியில் தஞ்சை மன்னர் அடைக்கலம் கொடுத்தார். காஞ்சியில் சண்டையெல்லாம் ஓய்ந்து இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. அவள் திரும்பிப் போகவில்லை. சாமிக்கே அப்படி என்றால் மனிதரை, ‘யுத்தம்தான் முடிஞ்சுபோச்சே, ஏன் போகல?’ என்று கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

இன்னொரு வகையும் எங்கள் பக்கத்தில் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து வேலைக்குப் போனவர்களின் வம்சமான மலையகத் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தில் அங்கே நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. கொண்டுவந்து இறக்கி ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் பல பேர் பிறந்ததிலிருந்து இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்புவது? இரண்டு பிரதமர்கள் போட்ட கையெழுத்து ஊரைப் பறிக்கவும் செய்யும், பழக்கமே இல்லாத ஊரைக் கொண்டுவந்து தலையில் கட்டவும் செய்யும்.

சொந்த நாட்டுக்குள்ளேயே நாடு கடந்தவர்களும் இருந்தார்கள். 1940களின் கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தபோது கீழத்தஞ்சையில் தலைமறைவானவர்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் பண்ணையாட்களின் குடிசைகள். பிடிபட்டால் அவர்களுக்குக் கூலியும் போகும், குடிசையும் போகும். அங்கே விவசாயிகளைத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் தென்கன்னடத்தில் பிறந்தவர், தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. 1961இல் இறந்தபோது திருத்துறைப்பூண்டி மண்தான் அவரை வாங்கிக்கொண்டது. நினைவிடம் அங்கே இருக்கிறது.

சரி, நட்பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ அப்பாவின் பெருமையை அளந்தது போலாகிவிடும்.

அவர் பிறகு திருச்சிக்குப் போனார். அகதியாக வந்த குடும்பத்துப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, கே.கே. நகர்ப் பக்கம் ஒரு சின்ன வாடகை வீடு. எனக்குக் கும்பகோணத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒருநாள் வந்து, கேஸ் இணைப்பு என் பெயரில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். வேலைக்கு ஏதாவது ஆகுமோ, யாராவது விசாரித்து வருவார்களோ என்று ஒரு வாரம் யோசித்தேன். எட்டாம் நாள் முடிவு செய்து அவரைத் தேடிப் போனால், வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. “அது தேவையில்லை, விடும்” என்று சிரித்தார். அதற்குப் பிறகு இருபது வருஷம் என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை. வருவார், சாப்பிடுவார், பிள்ளைகளுக்குப் பலகாரம் கொண்டுவருவார். கேட்பது மட்டும் நின்றுபோனது.

இந்த நட்பில் இரண்டு தட்டும் சமமாக நிற்காது. ஒருவனிடம் கார்டு இருக்கிறது, இன்னொருவனிடம் இல்லை. கார்டு இருக்கிறவன் ஒரு வாரம் யோசிக்கலாம், மறந்தும் போகலாம், அவனுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் நண்பன் பேச்சை மாற்றுவதில் வெட்கம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் நட்பு இடறும் என்று சின்ன வயதிலிருந்தே கணக்குப் போட்டுப் பழகியவனாக இருப்பான்.

அவனுடைய சட்ட நிலையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2004க்குப் பின் விதி இன்னும் இறுகிவிட்டது. முகாமில் வளர்ந்த ஒரு பெண் அந்த 1987 விதியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தர வழிசெய்த 2019 சட்டத் திருத்தத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியது. 2025இல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதைக் குற்றமாகப் பார்ப்பதிலிருந்து விலக்குக் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் குற்றவாளி இல்லை என்பதற்கும் ஊர்க்காரன் என்பதற்கும் நடுவில் இன்னும் நிறைய தூரம் இருக்கிறது.

அதனால் என் யோசனை சின்னது. ‘இதுதான்டா உன் ஊர்’ என்று தோளில் தட்டிச் சொல்லாதீர்கள். அது நம் வாயில் சுலபமாக வரும், அவன் காதில் எப்படி விழும் என்று தெரியாது. அலுவலகத்துக்குப் போகிற நாளில் கூடப் போங்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது வீட்டுக்காரரிடம் நீங்கள் பேசுங்கள். அவன் கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள், முடியாது என்றாலும் அன்றைக்கே. அவன் அம்மாவிடம் பழைய ஊரைப் பற்றிக் கேளுங்கள், அவர்களுக்கு அதைக் கேட்கிற ஆள் குறைந்துகொண்டே வருவார்கள்.

நம்மவர் 2013இல் குடும்பத்தோடு இலங்கைக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு நாட்டின் காகிதம் வேண்டும் என்பதுதான் காரணம், ஊர் ஆசை அதற்கு அடுத்தபடி. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். 29 வருஷம் கடக்க முடியாத தூரம். போய்ப் பத்து நாள் கழித்துப் பேசினார். கிணறு தூர்ந்துவிட்டது, இரண்டு வேலியும் நகர்ந்திருக்கின்றன. சொந்தக்காரர்கள் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். “ஆனா தேத்தண்ணி தாறது விருந்தாளிக்கு எடுக்கிற கோப்பையில” என்றார். எங்கள் வீட்டில் அவருக்கு விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது, வேறு யாரும் அதில் குடிக்க மாட்டோம்.

அப்பா இறந்தபோது அவரால் வர முடியவில்லை. இப்போது எங்களைப் பார்க்க அவருக்கு விசா வேண்டும். போன மாதம் மகளை உட்காரவைத்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டே கூப்பிட்டார்.

“இதில இந்தியாவில உங்களைத் தெரிஞ்ச ஆளின்ர பேர், முகவரி எண்டு ஒரு கட்டம் கிடக்கு. உம்மட பேரைப் போடவோ?”

“போடுங்கண்ணே. யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? எப்ப வர்றீங்க?”

“இந்த முறை தண்ணி 12ஆம் தேதிதானோ விடுறாங்கள் எண்டு முதல் கேட்டுச் சொல்லும்.”